சத்தம் மட்டும் பழசு

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கண்ணே. எனக்கு வேணாம். அங்கிட்டு உக்காந்தா போற வர்ற வண்டியப் பூராம் பாத்துக்கிட்டே வருவேன். இன்னைக்கு அது வேணாம்.

ஆமா, ஹெல்மெட்டுதான். கண்டக்டரும் கேட்டுட்டாரு, என்னப்பா பஸ்ஸுக்குமா ஹெல்மெட்டுன்னு. காலையில வண்டில போனேன், இப்ப பஸ்ஸுல திரும்புறேன். வண்டி பெரியகுளத்துல எங்க மதினி வீட்ல நிக்கிது. மதினின்னா எங்கண்ணன் சம்சாரம். ரிப்பேரெல்லாம் இல்லண்ணே. நான் கை வச்ச வண்டி நடுவழியில நின்னுச்சுன்னு எவனும் சொல்ல முடியாது. சாவிய வாங்கி வச்சுக்கிட்டாங்க. அம்புட்டையும் நானே கழட்டி, நானே பூட்டி, நானே ஓட வச்ச வண்டி. அதோட சாவிய வாங்கிக்கிட்டாங்க.

நீங்களும் மதுரைதான? அப்பச் சொல்றேன். முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல நான் செஞ்ச தப்பு என்னன்னு.

எங்க வீடு விளாங்குடிப் பக்கம். வீட்ல எங்கப்பா, எங்கண்ணன் சோலைராஜ், மதினி முத்துச்செல்வி, அவங்க மக தர்ஷி, அப்பறம் நான். என் பேரு வனராஜு. அம்மா நாங்க படிக்கிற காலத்துலயே போயிருச்சு. அப்பா மில்லுல இருந்தவரு. சக்கரை வந்து கண்ணு ரெண்டும் போச்சு. போச்சுன்னா முழுசா இல்ல. வெளிச்சம் தெரியும், ஆளு நிக்கிறது நெழலாத் தெரியும். மூஞ்சி தெரியாது. காதுதான் அவருக்கு எல்லாம். தெருமுனையில செருப்புச் சத்தத்த வச்சே பேரு சொல்லிருவாரு.

எங்கண்ணன் கவர்மெண்டு ஆபீஸ்ல கிளார்க்கு. அமைதியான ஆளு. அமைதியான ஆளு வச்சிருந்த வண்டி இருக்கே, அதுதான் வேடிக்கை. பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கு. ரெட்டை சிலிண்டரு, ரெட்டை சைலன்சரு. இப்ப அந்த மாதிரி வண்டி எவனும் போடுறதில்ல. காலேஜ் படிக்கும்போது யார்கிட்டயோ வாங்குனாரு. அன்னையில இருந்து அதுதான். அது வர்ற சத்தம் பாலத்துப் பக்கமே கேட்டுரும். தெருவுக்குள்ள திரும்புறப்ப கியரைக் கொறைப்பாரு, வீட்டு வாசல்ல ரெண்டு தடவை ஆக்சிலேட்டர முறுக்குவாரு. டுர்ர், டுர்ர். அம்புட்டுத்தான். ஹாரன் அடிக்கிற பழக்கமே இல்ல. அந்த ரெண்டு முறுக்குக்கு அப்பா எந்திரிச்சுத் தடவிக்கிட்டே போயி கேட்டைத் திறப்பாரு. வேற யாரையும் திறக்க விட மாட்டாரு. மதினி அடுப்புல காப்பிக்குப் பால வைப்பாங்க. நான் டிவி சவுண்டக் கொறைப்பேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாருண்ணே. ஆனாலும் கொறைப்பேன்.

ஒரு நாளு சாயங்காலம் அந்தச் சத்தம் வரல.

ஆபீஸ்ல நெஞ்சு அடைக்கிதுன்னு சேர்ல சாஞ்சிருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ளயே முடிஞ்சிருச்சு. நாப்பது கூட ஆகலண்ணே. தண்ணி கெடையாது, சிகரெட் கெடையாது. எனக்கு ஆபீஸ்ல இருந்து போனு வந்துச்சு, நான் நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். வீட்டுக்குச் சொல்ல எனக்கு வாய் வரல. நேர்ல போயிச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். அப்பா வழக்கம் போல வாசப்பக்கம் காதை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. மதினி பாலை வச்சுட்டு, எறக்கி, மறுபடி வச்சிருக்காங்க. வண்டிச் சத்தம் இல்லாமயே எங்கண்ணன் வீட்டுக்கு வந்துட்டாரு. ஆம்புலன்ஸ்ல.

அப்பா கேட்டைத் திறக்க மாட்டேன்னுட்டாரு. "எம்மகன் வண்டில வருவான்டா, இது யாரு வண்டி"ங்கிறாரு. பக்கத்து வீட்டு ஆளுங்கதான் வந்து அவரைப் பிடிச்சு நகட்டுனாய்ங்க.

மதினி அழுகல. அதைத்தான் ஊரே பேசுச்சு. வந்தவங்களுக்கு பாய் விரிச்சாங்க, புள்ளையத் தூங்க வச்சாங்க. எல்லாம் செஞ்சாங்க, அழுக மட்டும் இல்ல.

வண்டிய அப்பறமா ஆபீஸ் ஆளுங்க குட்டியானைல ஏத்திக் கொண்டாந்து எறக்கிட்டுப் போனாய்ங்க. போர்ட்டிகோவுல ஓரமா நிப்பாட்டி தார்ப்பாயப் போட்டு மூடுனோம். அப்பிடியே கெடந்துச்சு. ரெண்டு மழைக்காலம் போயிருக்கும். தார்ப்பாய்க்குள்ள பூனை குட்டி போட்டுச்சு. எலி வயரப் பூராம் கடிச்சிருச்சு. மதினி அந்தப் பக்கம் கோலம் போடக்கூடப் போக மாட்டாங்க.

எனக்குத்தான்ணே மனசு கேக்கல. அந்த வீடு அப்பிடி ஆயிப்போச்சு. சாயங்காலம் ஆனா மூணு பேரும் ஒவ்வொரு மூலையில உக்காந்திருப்போம். லைட்டைப் போடக்கூட ஆள் எந்திரிக்காது. நான் ஒருத்தன் இருக்கேன்ல அந்த வீட்ல? என்னைய எவரும் ஒரு வார்த்தை கேக்கிறதில்ல. ஒரு வேலையில நிலைச்சு நிக்க மாட்டான்னு எனக்கு ஏற்கெனவே பேரு. கொரியர் பாத்தேன், மெடிக்கல்ல நின்னேன், இப்ப செல்போன் சர்வீஸ் கடையில இருக்கேன். சரி, இந்த வண்டியயாவது எந்திரிக்க வப்போம்னு ஒரு ஞாயித்துக்கெழமை தார்ப்பாயத் தூக்கிட்டேன்.

கிக்கர் எறங்கல. பாறை மாதிரி நிக்கிது. பிஸ்டன் உள்ள துரு ஏறிப் பிடிச்சுக்கிச்சு. பிளக்கைக் கழட்டி உள்ள டீசல ஊத்தி ஊற விட்டேன். தெனமும் காலையில ஒருக்கா மிதிச்சுப் பாப்பேன். ஒரு நாளு இம்புட்டுக்காணு அசஞ்சுச்சு பாருங்க, உசுரு இருக்கிற ஒண்ணைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. டேங்குக்குள்ள போல்ட்டும் நட்டும் போட்டுக் குலுக்கு குலுக்குன்னு குலுக்கி துருவ எடுத்தேன். இன்ஜின எறக்கி லேத்துல குடுத்து சிலிண்டரக் கடைஞ்சு போர் போட்டேன். சாமானெல்லாம் கோயம்புத்தூருல இருந்தும் பெங்களூருல இருந்தும் பார்சல்ல வரும். பாதி சங்கதி போன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டதுதான். சும்மா பழசை ஓட்ட மட்டும் செஞ்சா என்ன இருக்கு? முன்னாடி டிஸ்க் பிரேக் வச்சேன். வயரிங் பூராம் புதுசு. லைட்டு புதுசு. டயர், பின்னாடி ஷாக் அப்சார்பர், செயின், எல்லாம் புதுசு. கருஞ்செவப்புல பெயிண்ட்டு. எங்கண்ணன் இருந்திருந்தா அசந்திருப்பாரு.

எல்லாம் மாட்டி, புது சைலன்சர் ரெண்டையும் மாட்டி, ஒரு நாளு ஸ்டார்ட் பண்ணுனேன். ஒரே மிதி. பிடிச்சுக்கிச்சு. ஆனா எனக்குச் சப்புன்னு ஆயிருச்சு. சத்தம் வேற. வழவழன்னு, யாரோ வெளியூர்க்காரன் வண்டி மாதிரி. அப்பா உள்ள இருந்து "யாரு வண்டிடா அது வாசல்ல?"ன்னு கேக்குறாரு. மதினி எட்டிக்கூடப் பாக்கல.

எங்கண்ணன் சைலன்சர்ல ஒண்ணுல அடியில ஓட்டை. அதுதான் விசயம். அதுல இருந்துதான் அந்தக் கரகரப்பு. பழைய இரும்புக்குப் போடன்னு கட்டி வச்சிருந்தத திரும்ப எடுத்து, துருவத் தேய்ச்சு, ஓட்டைய மட்டும் அடைக்காம மாட்டுனேன். கார்புரேட்டர் காத்தைக் கூட்டி, கொறைச்சு, கண்ணை மூடிக்கிட்டு கேட்டுக் கேட்டுத் திருப்புனேன். நான் அந்தச் சத்தத்த பதினஞ்சு வருசத்துக்கு மேல கேட்டவண்ணே. கடைசியில அமஞ்சிருச்சு. வண்டி பூராம் புதுசு, சத்தம் மட்டும் பழசு. வாசல்ல நின்னுக்கிட்டு ரெண்டு முறுக்கு முறுக்குனேன். சரியா இருக்கான்னு பாக்கத்தான்.

மதினி அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்கண்ணே! கையில பூராம் இட்லி மாவு. நெலப்படிய ஒரு கையில பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என்னையப் பாத்தாங்க, வண்டியப் பாத்தாங்க, திரும்பவும் என்னையப் பாத்தாங்க. விடுவிடுன்னு உள்ள போயிட்டாங்க. பின்னாடி அடுப்புல பால் தீஞ்ச வாடை தெரு வரைக்கும் வந்துச்சு. அம்புட்டுச் சந்தோசம், அடுப்பையே மறந்துட்டாங்க.

அப்பா கேட்டுக்கு வந்துட்டாரு. தடவித் தடவி வந்து கொண்டிய எடுத்து விட்டாரு. செத்தவரு வந்துட்ட மாதிரி அதிர்ச்சியா இல்லண்ணே. நேத்தும் வந்தவன் இன்னைக்கும் வர்ற மாதிரி. "வந்துட்டியா பெரியவனே"ன்னாரு.

அவருக்குத் தெரியாதா என்ன? கொள்ளி வச்சப்ப என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னவரு. எல்லாம் தெரியும். ஏதோ அந்தச் சத்தத்துல வாய் தவறி வந்துருச்சு. நான் அங்கன என்ன சொல்ல முடியும்? "இல்லப்பா, பெரியவன் செத்துட்டான்"னா? கண்ணு தெரியாத மனுசன். "வந்துட்டேம்ப்பா"ன்னேன். எங்க ரெண்டு பேருக்கும் குரலு ஒண்ணுதான், போன்ல மதினியே முன்னாடி ஏமாந்திருக்காங்க.

அன்னையில இருந்து அது வழக்கமாயிப் போச்சு. நான் கடைய முடிச்சு, எங்கண்ணன் வர்ற நேரத்துக்கே வந்துருவேன். முதலாளிகிட்டச் சொல்லி அந்த நேரத்துக்கு மாத்திக்கிட்டேன். பள்ளிவாசல்ல பாங்கு சொல்லும், நான் தெருவுல திரும்புவேன். ரெண்டு முறுக்கு. கேட்டு திறக்கும். அப்பாவும் பேச ஆரம்பிச்சாரு. ரெண்டு வருசமா பேசாத மனுசன்! ஈரோட்டு அத்தை மக கல்யாணம், தண்ணி வரி, எல்லாம் என்கிட்டக் கேப்பாரு. பெரியவன்கிட்ட கேக்குற மாதிரி. நானும் நிதானமாப் பதில் சொல்வேன், எங்கண்ணன் எப்பிடி யோசிச்சு யோசிச்சுச் சொல்வாரோ அப்பிடி. ஒரு நாளு கேக்குறாரு, "சின்னவன் எப்பிடிடா இருக்கான்? உருப்படுவானா?"

சிரிக்காதீங்கண்ணே. நான் என்னையப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொன்னேன். "இப்ப பொறுப்பு வந்துருச்சுப்பா, கடையில நல்ல பேரு"ன்னேன். "நீ சொன்னாச் சரிதான்"ன்னாரு. என் வாழ்க்கையில எங்கப்பா என்னையப் பத்தி அப்பிடி ஒத்துக்கிட்டது அன்னைக்குத்தான்.

அதே மனுசன், நான் வண்டி இல்லாம நடந்து உள்ள போனா "யாரது?"ம்பாரு. "நாந்தாம்ப்பா"ன்னா "ம்"ம்பாரு. மூஞ்சியத் திருப்பிக்குவாரு. அதனால நான் கடைக்குச் சாமான் வாங்கப் போறதுக்கும் வண்டியத்தான் எடுக்கிறது. தெருமுனைக்குப் போயித் திரும்பி வர்றதுக்குக்கூட.

இது வத்தலக்குண்டா? டீ குடிக்கிறீங்களா? வேணாமா? சரி.

புள்ளையச் சொல்லணும். தர்ஷிக்கு இப்ப அஞ்சு வயசு ஆகப் போகுது. அவங்கப்பன் போறப்ப கைக்கொழந்தை மாதிரி. மூஞ்சி நெனப்பு இல்ல. போட்டோவக் காட்டுனா "மாமா"ங்கும். ஆனா அந்தச் சத்தம் அதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க! நான் வாசல்ல முறுக்குனதும் மொத நாளே ஓடி வந்து கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. தூக்கி டேங்கு மேல உக்கார வச்சு ஒரு சுத்து சுத்தி வந்தேன். எறக்கி விட்டுட்டு ஹெல்மெட்டைக் கழட்டப் போனா, "கழட்டாத"ங்குது. "கழட்டாத, கழட்டாத"ன்னு கண்ணு கலங்குது. சரின்னு போட்டுக்கிட்டே நின்னேன்.

கண்ணாடி கறுப்புக் கண்ணாடிண்ணே, வெளிய இருந்து மூஞ்சி தெரியாது. அந்தக் கண்ணாடியப் பாத்துப் பேச ஆரம்பிச்சிருச்சு. மிஸ்ஸு அடிச்சது, கூட இருக்கிற புள்ள பென்சில ஒடச்சது, அம்மா திட்டுனது, எல்லாம். பேசி முடிச்சுட்டு உள்ள ஓடிரும். நான் அப்பறம் ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குள்ள போவேன். என் மடியில வந்து உக்காந்து காதுல சொல்லும்: "சித்தப்பா, இன்னைக்கு அப்பா வந்தாரு."

நான் என்ன சொல்ல? "அப்பிடியாடா"ன்னேன். சின்னப்புள்ள. ஏதோ வெளையாட்டு. தெனமும் சொல்லும், தெனமும் "அப்பிடியா"ம்பேன்.

மதினி ஒரு நாளு போர்ட்டிகோவுக்கு வந்தாங்க. நான் செயினுக்கு ஆயில் விட்டுக்கிட்டிருந்தேன். ரெண்டு வருசமா அந்தப் பக்கம் கால வைக்காதவங்க.

"தம்பி, அந்த சைலன்சர மாத்திருங்க"ன்னாங்க.

"ஏன் மதினி? சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"இல்ல. புதுசு வாங்குனீங்கள்ல, அதை மாட்டுங்க."

"அதுல அண்ணன் சத்தம் வராது மதினி"ன்னேன்.

"தெனமும் அந்தச் சத்தம் கேக்குறப்ப என் காலு தன்னால எந்திரிக்குது தம்பி. எந்திரிச்சு வாசலுக்கு வந்து நிக்கிறேன். தெனமும் வந்து நிக்கிறேன். வர்றது நீங்க"ன்னாங்க.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சுண்ணே. வர்றது நான்தான். நான் வந்தா என்ன? நான் வரக்கூடாதா? துணியெடுத்து டேங்கைத் தொடச்சுக்கிட்டே இருந்தேன். அவங்களும் போயிட்டாங்க. பொம்பளைங்களுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னு விட்டுட்டேன். சைலன்சர மாத்தல.

அப்பறம் நடந்ததுதான் எல்லாத்துக்கும் காரணம்னு இப்பச் சொல்றாங்க. ஆனா நீங்க கேளுங்க, அதுல எனக்குச் சம்பந்தமே இல்ல.

அன்னைக்கு எனக்கு லீவு. வண்டி போர்ட்டிகோவுல நிக்கிது, நான் பின்னாடி குளிச்சுக்கிட்டிருக்கேன். மெயின் ரோட்டுல எவனோ ஒருத்தன் இதே மாதிரி ரெட்டை சிலிண்டர் வண்டியில போயிருக்கான். மதுரையில இன்னும் நாலஞ்சு பேருகிட்ட இருக்கும். அவன் சிக்னல்ல நின்னு முறுக்கியிருக்கான். புள்ள வாசல்ல வெளையாடிட்டிருந்தது, அந்தச் சத்தத்தக் கேட்டதும் கேட்டைத் திறந்துக்கிட்டு ஓடியிருக்கு. தெருவத் தாண்டி, மெயின் ரோட்டுக்கே. பால் வண்டி வந்திருக்கு. டிரைவரு நல்லவன், பிரேக்க மிதிச்சு ஒடிச்சுட்டான். புள்ள கீழ விழுந்து நெத்தி கிழிஞ்சு தையல் போட்டாங்க. சாமி புண்ணியத்துல வேற ஒண்ணும் இல்ல.

விழுந்த எடத்துல இருந்து எந்திரிக்க மாட்டேங்குதாம். அந்த வண்டி போன பக்கமே கையக் காட்டி, "அப்பா என்னைய விட்டுட்டுப் போறாரு"ன்னு கத்தியிருக்கு. பால் வண்டிக்காரன்தான் தூக்கிட்டு வந்தான். அவன் மதினிகிட்ட கேக்குறான், "ஏம்மா, பைக்குல போனாரே அவரா இந்தப் புள்ள அப்பா? திரும்பிக்கூடப் பாக்காமப் போறாரு?"

மதினி என்னையப் பாத்தாங்க. நான் தலையத் துவட்டிக்கிட்டு நிக்கிறேன். "அது என் வண்டியே இல்ல மதினி, என் வண்டி இந்தா நிக்கிது"ன்னேன். உண்மையத்தான சொன்னேன்? வண்டி அங்கனதான நிக்கிது!

மறுநா காலையில புள்ளையக் கூட்டிக்கிட்டு பெரியகுளத்துக்குப் போயிட்டாங்க, அவங்க அம்மா வீட்டுக்கு. சண்டையில்ல, சத்தமில்ல. அப்பாவுக்கு மாத்திரைய எடுத்து வச்சுட்டு, அவரு காலத் தொட்டுட்டுப் போனாங்க.

அன்னைக்குச் சாயங்காலம் நான் வண்டியில வர்றேன். ரெண்டு முறுக்கு. அப்பா கேட்டைத் திறந்துட்டு அங்கனயே நின்னு கேக்குறாரு, "முத்துச்செல்வி எங்கடா? வீட்ல ஆள் சத்தமே இல்ல."

"அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்காப்பா"ன்னேன்.

எங்க மதினிய நான் 'அவ'ன்னு சொன்னதே கெடையாதுண்ணே. அன்னைக்குத்தான். எப்பிடி வந்துச்சுன்னு தெரியல. வாய்க்குள்ள இருந்து அதுவா வந்துருச்சு. சொல்லிட்டு பின்னாடி திரும்பிப் பாத்தேன், யாராவது நிக்கிறாங்களான்னு. யாரும் இல்ல.

அப்பா ஒண்ணும் கவனிக்கல. "ரெண்டு பேருக்கும் சண்டையா? புள்ளைய வச்சுக்கிட்டு என்னடா சண்டை? போயிக் கூட்டிட்டு வா. நீ போனாத்தான் வருவா"ன்னாரு. தெனமும் அதையே சொல்வாரு. சரியாச் சாப்பிடுறதில்ல. "அவங்க வரட்டும், சேந்து சாப்பிடுவோம்"ம்பாரு. நேத்து தட்டையே தள்ளி வச்சுட்டாரு. அதான் இன்னைக்குக் காலையில கெளம்பிட்டேன். அப்பா சொன்னாரு, போனேன். பெரியவங்க சொன்னாப் போகணும்ல?

ரோட்டுல வண்டி என்ன போக்குப் போச்சு தெரியுமாண்ணே! வாடிப்பட்டி தாண்டி நேரா விட்டேன் பாருங்க. டிஸ்க் பிரேக்குல தொட்டா நிக்கிது. ஆனா நெலக்கோட்டைக்கு அங்கிட்டு ஒரு எண்ணம் வந்துச்சு. நான் இப்ப யாரா போறேன்? தம்பியா போயி "வாங்க மதினி"ன்னு கூப்பிடுறதா? அப்பா அனுப்புனது அந்த ஆளை இல்லையே. கொஞ்ச நேரம் அந்த எண்ணம் கூடவே வந்துச்சு. அப்பறம் ஆக்சிலேட்டரக் கூட்டிட்டேன்.

அவங்க வீடு தென்கரையில, சந்துக்குள்ள. சந்துல திரும்பி கியரைக் கொறைச்சேன். வாசல்ல ரெண்டு முறுக்கு. பழக்கத்துல வந்துருச்சுண்ணே, வேணும்னு செய்யல.

மதினிதான் வந்தாங்க. இப்ப ஓடி வரல. மெல்ல நடந்து வந்து படிக்கட்டுல நின்னாங்க. நான் சாவியத் திருப்பப் போனேன்.

"அணைக்காதீங்க"ன்னாங்க. "ஓடட்டும். ஹெல்மெட்ட மட்டும் கழட்டுங்க."

கழட்டுனேன். மதினி உள்ள போயி புள்ளையக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. நெத்தியில பிளாஸ்திரி. புள்ள சத்தத்தக் கேட்டு மூஞ்சியெல்லாம் வெளிச்சமா வருது. வந்து என்னையப் பாத்ததும் நின்னுருச்சு. வண்டி டுடுடுடுன்னு ஓடிக்கிட்டிருக்கு, நான் தலையில ஒண்ணும் இல்லாம அது மேல உக்காந்திருக்கேன்.

"யாரு இது?"ன்னாங்க மதினி.

"சித்தப்பா."

"வேற யாராவது இருக்காங்களா? நல்லாப் பாரு."

புள்ள பாத்துச்சுண்ணே. வண்டியச் சுத்தி வந்துச்சு. பின் சீட்டுல கைய வச்சுத் தடவிப் பாத்துச்சு. சந்து முனை வரைக்கும் எட்டி எட்டிப் பாத்துச்சு. அப்பறம் என் முழங்காலப் பிடிச்சுக்கிட்டு அண்ணாந்து கேக்குது:

"சித்தப்பா, அப்பாவ எங்க எறக்கிவிட்டீங்க?"

நான்தான் வண்டிய அணைச்சேன். அந்தச் சந்து அப்பிடியே அமைதியாயிருச்சு. மதினி கீழ உக்காந்து புள்ளையத் தன் பக்கம் திருப்புனாங்க. "அப்பா செத்துப் போயிட்டாரு கண்ணு. நீ சின்னப் பாப்பாவா இருக்கும்போதே செத்துப் போயிட்டாரு. இனிமே வர மாட்டாரு. எந்த வண்டியிலயும் வர மாட்டாரு." நிறுத்தி நிறுத்திச் சொன்னாங்க. அந்த வார்த்தைய எங்க வீட்ல அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லண்ணே. 'போயிட்டாரு'ம்போம், 'இல்ல'ம்போம்.

புள்ள யோசிச்சுச்சு. "அப்ப தெனமும் வந்தது?"

மதினி என்னையப் பாத்தாங்க. அவங்களே சொல்லிருவாங்கன்னு நெனச்சேன். சொல்லல.

"நான்தாண்டா"ன்னேன். "நான்தான் வந்தேன்."

என் வயித்துல குத்துச்சு பாருங்க. இம்புட்டுக்காணு கை. ஒண்ணு, இன்னொண்ணு, ரெண்டு கையாலயும் குத்துது. நான் தடுக்கல. குத்திட்டு வீட்டுக்குள்ள ஓடிப் போயி கதவைச் சாத்திக்கிச்சு. மதினி படிக்கட்டுலயே உக்காந்துட்டாங்க. அழுதாங்க. எங்கண்ணன் செத்ததுக்கு இன்னைக்குத்தான் அழுகுறாங்க. வாயப் பொத்திக்கிட்டு இல்ல, தெரு கேக்க அழுகுறாங்க. பக்கத்து வீட்டுல இருந்தெல்லாம் வந்து பாக்குறாய்ங்க, நான்தான் என்னமோ செஞ்சிட்ட மாதிரி.

அழுது முடிச்சுட்டு எந்திரிச்சு முந்தானையால மூஞ்சியத் தொடச்சாங்க. கைய நீட்டுனாங்க. "சாவியக் குடுங்க தம்பி. இது இங்க நிக்கட்டும்."

"மதினி, இது எம்புட்டு உழைப்பு தெரியுமா? இந்த ஊர் மழைக்கு ஒரு மாசத்துல துருப்பிடிச்சிரும்."

"பிடிக்கட்டும்"ன்னாங்க. "அது என் வீட்டுக்காரர் வண்டி."

அதுக்கு மேல என்ன பேச? குடுத்துட்டேன். சோறு போட்டாங்க. ரசமும் அப்பளமும். தின்னேன். புள்ள வெளிய வரல. கெளம்புறப்ப மதினி சொன்னாங்க, "மாமாவ நல்லாப் பாத்துக்கங்க. நான் அடுத்த வாரம் வர்றேன். சத்தமில்லாம இருந்தா வர்றேன்"ன்னு. என்னையப் பாத்து அப்பிடி. நான் என்ன சத்தம் போட்டேன்? நீங்களே சொல்லுங்க. செத்துக் கெடந்த வீட்டுக்கு ஒரு சத்தத்தக் கொண்டாந்தவன் நானு.

சமயநல்லூரு வந்துருச்சு. நான் அடுத்தாப்புல எறங்கணும்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன். அதுதான் எனக்கு ஓடிக்கிட்டே இருக்கு. பஸ்ஸு ஏறுறதுக்கு முன்னாடி பெரியகுளம் பஸ் ஸ்டாண்டுல இருந்து அப்பாவுக்குப் போனு போட்டேன். எடுத்ததும், "சோலையா? வர்றாளாடா? புள்ள வருதா?"ங்கிறாரு. எப்பயும் போல எங்கண்ணன் குரல்ல பதில் சொல்லத்தான் வாயத் தொறந்தேன். வரலண்ணே. இருமிப் பாத்தேன். வரல.

"இல்லப்பா. நான் வனராஜு"ன்னேன்.

"யாரு?"

"வனராஜுப்பா. சின்னவன்."

அந்தப் பக்கம் சேர இழுத்துப் போட்டு உக்கார்ற சத்தம் கேட்டுச்சு. திட்டப் போறாருன்னு நெனச்சேன். அழுகுறாருண்ணே. "டேய் சின்னவனே, எங்கடா போயிருந்த இம்புட்டு நாளா? ஆளையே காணமேடா"ன்னு அழுகுறாரு.

நான் எங்கண்ணே போனேன்? அந்த வீட்லதான இருந்தேன்?